அளக்கப்படாத நீர்

வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவரை வழியில் மறித்து, ஒரு பரப்பு வெங்காயத்துக்கு எவ்வளவு விதை வெங்காயம் நட்டீர், எவ்வளவு யூரியா இட்டீர், களை எடுக்க எத்தனை கூலியாட்களைப் பிடித்தீர் என்று கேட்டுப் பாருங்கள். விரல் மடித்து எண்ணாமலே விடை சொல்வார். விளைந்தது எத்தனை அந்தர், சந்தையில் என்ன விலை போயிற்று, தரகு எவ்வளவு கழிந்தது என்பனவும் அவர் நாவின் நுனியில் நிற்கும். அதே மனிதரிடம், இப்பயிருக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் இறைத்தீர் என்று கேளுங்கள். சிரிப்பார். ‘தண்ணிக்கு ஆர் கணக்குப் பார்க்கிறது?’ என்பார்.

அவர் சிரிப்பதில் குற்றம் காண நாம் வரவில்லை. அதே கேள்வியை அரச கந்தோர்களுக்குக் கொண்டு சென்றாலும் இதனிலும் சிறந்த விடை கிடைக்கும் என்று தோன்றவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனை கிணறுகள் உண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் என்று அறிக்கைகள் கூறும். முழு எண்ணாக, வசதியாக நிற்கும் இந்த ஒரு லட்சம், வீடு வீடாகச் சென்று எண்ணிப் பெற்ற தொகை போல் நமக்குத் தோற்றவில்லை. அவற்றுள் இறைப்புக் கிணறு எத்தனை, வீட்டுக் கிணறு எத்தனை, தூர்ந்து கிடப்பவை எத்தனை, ஒவ்வொன்றிலுமிருந்து நாளொன்றுக்கு வெளியே வரும் நீர் எவ்வளவு என்று மேலும் மேலும் கேட்டால் விடைகள் மங்கிக்கொண்டே போகும். பல்கலைக்கழகத்தாரும் நீர்வளச் சபையாரும் நல்ல ஆய்வுகள் பல செய்துள்ளனர். அவற்றின் அருமையை நாம் மறுக்கவில்லை. ஆயின், சில கிணறுகளைச் சில மாதங்கள் பார்த்து எழுதப்படும் ஆய்வு வேறு. ஒரு மக்கள் கூட்டம் தன் குடிநீரையும் சீவனத்தையும் நம்பி வைத்திருக்கும் முதலுக்கு ஆண்டுதோறும் எழுதப்படும் வரவு செலவுக் கணக்கு வேறு. முன்னையது உண்டு. பின்னையது எம் கைக்கு எட்டியதில்லை.

எமக்கு ஆறு இல்லை. வழுக்கையாறு என்று நாம் பெருமையோடு பெயரிட்டு அழைப்பது, மாரி வெள்ளத்தை அராலிப் பக்கமாகக் கடல்நீரேரிக்குக் கொண்டு செல்லும் வடிகாலேயன்றி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. வானத்திலிருந்து விழுவதும், அதில் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குவதுமே எமது முழு முதல். அங்ஙனம் தங்கும் நன்னீர் பாறைத் தொட்டியில் அடைத்து வைத்த நீரன்று. நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நிலத்தின் அடியில் ஊடுருவி நிற்கும் உவர் நீரின் மேல், நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஒரு வில்லை போல் மிதக்கும் நீர் அது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே நாற்பதடி அளவுக்கு நன்னீர் நிற்கும் என்பது நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்ட பௌதிக விதி. அவ்விதியைத் திருப்பிப் படித்தால்தான் அச்சம் பிறக்கும். மேல் மட்டம் ஓரங்குலம் நிரந்தரமாக இறங்கினால், கீழிருந்து உவர் நீர் காலப்போக்கில் நாற்பது அங்குலம் ஏறும்.

ஆதலின் எம் ஊர்க் கிணறு வற்றிக் காட்டி எச்சரிப்பதில்லை. காலையில் இரண்டு மணி நேரம் இறைத்தாலும் மாலையில் மட்டம் பழைய இடத்துக்கு வந்து நிற்கும். ‘எங்கள் கிணறு வற்றாத கிணறு’ என்று உரிமையாளர் மகிழ்வார். வந்து நிரப்பிய நீர் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தேநீரில் சுவை மாறும், மிளகாய்க் கன்றின் இலை நுனி கருகும், அப்போது கேட்பார்.

எமது முன்னோர் தண்ணீருக்குக் கணக்கு வைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சட்டத்தரணிகளாகிய எம் வாசகர்கள் தம் அலுமாரியில் உள்ள பழைய உறுதிகளை எடுத்துப் பார்க்கட்டும். காணிக்கு எல்லை சொல்லி முடிந்தபின், கிணற்றில் இத்தனையில் இத்தனை பங்கும், வழியும், வாய்க்காலும் என்று எழுதாத தோட்டக் காணி உறுதி அரிது. பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. முறை மாறி இறைத்தால் வழக்கு உண்டு. வெட்டுக் கொத்தும் உண்டு. ஆனால் அவர்கள் பங்கிட்டது நாளையும் நேரத்தையுமே; நீரின் அளவையன்று. அளவைப் பங்கிட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் பாத்திக்குத் தண்ணீர் கட்ட, விடியற்காலையில் தொடங்கும் இறைப்பு வெயில் ஏறும்போது தானாக நின்றுவிடும். மனிதனுடைய கால் களைப்பதே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது. 1950களில் மண்ணெண்ணெய் இயந்திரம் தோட்டம் தோட்டமாகப் பரவத் தொடங்கியபோது அந்தக் காவல் நீங்கிற்று. இயந்திரத்துக்குக் கால் களைப்பதில்லை. முறை மட்டும் பழைய முறையாகவே இருக்கிறது. ஒரு முறைக்குள் வெளியேறும் நீரோ பல மடங்காயிற்று. இயந்திரத்தை வெறுத்துப் பேசும் நோக்கம் எமக்கில்லை. துலா மிதித்து முதுகொடிந்த தலைமுறையின் பிள்ளைகள் அதனை வரவேற்றது முற்றிலும் நியாயமே. காவல் நீங்கிய இடத்தில் கணக்கு வந்திருக்க வேண்டும் என்பதே எம் வாதம்.

கணக்கு என்றவுடன் ஏதோ வல்லுநரின் மறைபொருள் என்று அஞ்ச வேண்டியதில்லை. கடிதத்தின் பின்புறத்தில் போட்டுப் பார்க்கலாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்து மக்கள் தொகை 5 லட்சத்து 83 ஆயிரத்துக்குச் சற்று மேல். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க என்று ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்று தாராளமாகவே கொள்வோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 70,000 கன மீற்றர். ஆண்டொன்றுக்கு இரண்டரைக் கோடி கன மீற்றர். இது வீட்டுக் கணக்கு.

இனித் தோட்டக் கணக்கு. எம் கோடையில் பசுமையாய் நிற்கும் பயிர் நாளொன்றுக்கு 5 மில்லி மீற்றர் அளவு நீரைக் குடித்து ஆவியாக்கும் என்று கொள்ளலாம். பயிரின் வயதுக்கும் காற்றுக்கும் ஏற்பக் கூடும், குறையும். கணக்குக்கு இது போதும். ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அப்படியாயின் ஒரு பரப்பு வெங்காயம் ஒரு நாளில் குடிப்பது 1,265 லீற்றர். அதாவது, பத்துப் பேர் ஒரு நாள் வீட்டில் செலவிடும் நீரை ஒரு பரப்பு வெங்காயம் குடித்து முடிக்கிறது. பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கர் நூற்று அறுபது பேருக்கும் மேற்பட்டோருக்குச் சமம். பதினாயிரம் ஏக்கரில் நான்கு மாதப் பயிர் ஒன்று நின்றால், அது குடிக்கும் நீர் மாவட்டத்து மக்கள் அனைவரும் ஓர் ஆண்டு முழுவதும் வீடுகளில் செலவிடும் நீருக்கு ஏறத்தாழ ஒப்பாகும்.

இவ்விடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அதனைத் தவற விட்டவர்கள் இரு பக்கமும் தவறாகப் பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். பயிர் குடிக்கும் நீர் ஒன்று. தோட்டக்காரர் இறைக்கும் நீர் வேறொன்று. வாய்க்காலில் ஊறுவதும் பாத்தியில் மிஞ்சுவதும் செம்மண்ணைக் கடந்து மீண்டும் கீழே போகும். ஆகவே, இறைத்ததெல்லாம் அழிந்தது என்று தோட்டக்காரரைக் குற்றம் சாட்டுவது தவறு. திரும்பித்தானே போகிறது, எவ்வளவு இறைத்தால் என்ன என்று தோட்டக்காரர் சொல்வதும் தவறு. திரும்பிப் போகும் நீர் வெறுங்கையோடு போவதில்லை. யூரியாவையும் எருவையும் கரைத்துக்கொண்டு போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லி கிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்க, வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அவ்வளவைத் தாண்டி நிற்பதை 1980கள் தொட்டு ஆய்வுகள் காட்டி வருகின்றன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தாய்க்கு அந்தக் கிணறு இருந்தும் இல்லாததே. நகரத்துக்குக் குழாய் நீர் தரும் கிணறுகள் கோண்டாவில், திருநெல்வேலி போன்ற தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களிலேயே இருக்கின்றன என்பதை நகரத்தார் மறந்துவிடலாகாது. எனவே கணக்கில் மூன்று நிரல்கள் வேண்டும்: இறைத்தது, குடித்துத் தீர்ந்தது, கெட்டுத் திரும்பியது. ஒரே நிரலில் எழுதப்படும் கணக்கு எவருக்கும் பயன்படாது.

மழைக் கணக்கிலும் இத்தகைய ஏமாற்றம் உண்டு. குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோ மீற்றர். ஆண்டு மழை 1,250 மில்லி மீற்றர் அளவில். பெருக்கினால் 125 கோடி கன மீற்றர்! வீட்டுத் தேவையைப் போல் ஐம்பது மடங்கு! இக்கணக்கை மேசையில் விரித்து, உங்களுக்கு நீர்ப் பஞ்சம் ஏது என்று எவரேனும் கேட்டால் வாயடைத்து நிற்க வேண்டாம். அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்கிறது. ஒரு பங்கு வெயிலில் ஆவியாகிறது. ஒரு பங்கு ஒழுங்கைகளையும் தூர்ந்த குளங்களையும் கடந்து கடலுக்கு ஓடுகிறது. நிலத்துள் இறங்கியதிலும் ஒரு பங்கு கரையோர ஊற்றுகளாய் வெளியேறுகிறது. கீரிமலையில் நீராடுவோர் அதனைக் கண்ணாரக் காண்பர். ஆடி, ஆவணியில் தோட்டக்காரரின் கிணற்றில் எஞ்சி நிற்பது எவ்வளவு என்பதே கேள்வி. அதற்கு மாவட்டச் சராசரி விடை தராது. சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமத்து வில்லை வேறு, தென்மராட்சி வேறு, வடமராட்சி வேறு, ஊர்காவற்றுறை வேறு. சுன்னாகத்தில் மிஞ்சுவதாகக் கணக்குக் காட்டி, பவுசரில் தண்ணீருக்குக் காத்திருக்கும் தீவுப்பகுதிப் பெண்ணின் குடத்தை நிரப்ப முடியுமா?

இன்னுமொன்று. பழைய கணக்குகளை எடுத்துப் பேசுவோர் அவை எந்த ஆண்டுக் கணக்குகள் என்று பார்த்துப் பேச வேண்டும். 1990க்குப் பின் எரிபொருள் தடை இருந்த ஆண்டுகளில் இயந்திரங்கள் பல மூலையில் கிடந்தன. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக அளந்து விற்கப்பட்டது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் ஊர் விட்டு ஓடினர். வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் பல்லாண்டுகள் இராணுவ வேலிக்குள் பற்றைக் காடாய்க் கிடந்து, 2009க்குப் பின் துண்டு துண்டாகத் திரும்பி வரத் தொடங்கின. அக்காலத்தில் நிலத்தடி நீர் ஓய்ந்திருந்தது என்றால் அது எம் சிக்கனத்தால் அன்று, எம் துன்பத்தால். அந்த ஆண்டுகளின் அளவை வழமையான அளவாகக் கொண்டு திட்டம் தீட்டுவது, நோயாளி பட்டினி கிடந்த நாளின் உணவுச் செலவை வைத்து ஆண்டுச் செலவைக் கணிப்பது போன்றது. திரும்பிய ஒவ்வொரு காணித் துண்டோடும் ஓர் இறைப்புக் கிணறும் திரும்பியிருக்கிறது. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு மீண்டும் வரிசையில் நின்றோம். அவ்வாண்டின் கணக்கும் அப்படியே தனித்து வைக்கப்பட வேண்டியதே.

கணக்கு இல்லாமையால் வந்த கேட்டை இரணைமடு விவகாரத்தில் எல்லோரும் கண்டோம். 2009க்குப் பின் வகுக்கப்பட்ட யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொணர எண்ணிற்று. கிளிநொச்சிக் கமக்காரர் எழுந்து நின்றனர். சிறுபோகத்தில் எம் வயல்களில் ஒரு பகுதிக்கே நீர் கிடைக்கிறதே, எம் குளத்தில் மிச்சம் எங்கே என்றனர். குடாநாட்டார், குடிக்கத் தண்ணீர் கேட்பது குற்றமா என்றனர். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் உமக்கு இவ்வளவு குறைகிறது, எம்மிடம் இவ்வளவு மிஞ்சுகிறது என்று இரு பகுதியாரும் நம்பி ஏற்கக்கூடிய ஓர் எண் மேசையில் இருக்கவில்லை. எண் இல்லாத இடத்தில் கோபம் அமர்ந்துகொண்டது. ஒரே மொழி பேசும், ஒரே துன்பத்தை அனுபவித்த மக்கள் குளத்தின் இரு கரையில் நின்று ஒருவரையொருவர் ஐயுற்றனர். ஈற்றில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. அதன் ஆற்றல் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர்.

அந்நிலையத்தை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் மேலே போட்ட கணக்கோடு அதை வைத்துப் பாருங்கள். 24,000 கன மீற்றர் என்பது கோடையில் ஏறத்தாழ 1,200 ஏக்கர்த் தோட்டம் ஒரு நாளில் குடிக்கும் நீர். மின்சாரத்தைக் கொட்டி, கடன் பட்டு, கடலிலிருந்து பிழிந்தெடுக்கும் நீரின் அளவு அவ்வளவே. தோட்டங்களில் அளவுக்கு மேல் இறைத்துக் கெடுப்பது எவ்வளவு என்று அறிந்தால், அதைக் காப்பாற்றுவது மலிவா, கடலைக் காய்ச்சுவது மலிவா என்று தீர்மானிக்கலாம். அறியாவிடில் கடனே தீர்மானிக்கும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டி, ஆனையிறவின் கிழக்கேயுள்ள நன்னீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொணரலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் முடிவுறாமலே கிடப்பதற்கும், அதனால் நிலத்தடியில் சேரும் நன்னீர் எவ்வளவு என்று ஐயமறக் காட்ட இயலாத குறை ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம்.

கமக்காரரின் அச்சத்தை நாம் அறிவோம். அளக்க வருபவன் நாளை வரி கேட்க வருவான் என்பதே அது. ஆதாரமற்ற அச்சமுமன்று. 2000 ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்ற தேசிய நீர்வளக் கொள்கை நீரெடுக்கும் உரிமையைப் பத்திரத்துள் அடக்க முனைந்தபோது, தண்ணீருக்கு வரியா என்று தெற்கிலும் கமக்காரர் கிளர்ந்தனர், கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் கணக்கை மறைத்து வைத்தால் வரியிலிருந்து தப்பலாம் என்பது மயக்கம். கணக்கு எம்மிடம் இல்லாத நாளில், மீற்றரோடு வருபவன் எழுதுவதே கணக்கு. அதனை மறுத்துரைக்க எம்மிடம் என்ன இருக்கும்? சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் 2 கோடி றூபா நட்டஈடு விதித்தது. அவ்வழக்குக்கு முன்னரே ஊரின் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கொப்பி இருந்திருந்தால், எது எப்போது கெட்டது என்று காட்ட எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

ஆகவே எம் கோரிக்கை இது. கணக்கை எடுப்பவர் ஊரவராக இருக்க வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் பாடசாலைகளும் அதற்குப் போதும். பிரதேச சபையும் கமநல சேவை நிலையமும் அதைத் தொகுத்து, வில்லை வில்லையாக, மாதம் மாதமாக, தமிழில் அச்சிட்டுச் சந்தையிலும் வாசிகசாலையிலும் ஒட்ட வேண்டும். கிணற்றுக்குரியவரின் பெயர் அதில் இடம்பெற வேண்டியதில்லை. எந்தக் கட்டணத்துக்கும் வழக்குக்கும் அக்கொப்பி பயன்படுத்தப்படாது என்று எழுத்தில் உறுதி தரப்பட வேண்டும். உறுதி தராதவனுக்குக் கொப்பியைக் காட்ட வேண்டாம் என்று நாமே கமக்காரருக்குச் சொல்வோம். பெரிய அளவில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி நீர் எடுக்கும் எவரும், அரச நிறுவனமாயினும் கொம்பனியாயினும், முதலில் தம் கணக்கை வெளியிட வேண்டும். சிறு தோட்டக்காரனைக் கேட்பது அதற்குப் பின். உவர்த்தன்மையை நொடியில் காட்டும் சிறு கருவி பாடசாலை ஆய்வுகூடம் வாங்க முடியாத விலையுடையதன்று. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் வளைவு கட்டுவதை ஓராண்டு நிறுத்தினாலே பல ஊர்களுக்குப் போதும்.

கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 200 லீற்றர் பீப்பா ஒன்றை இயந்திரக் குழாயின் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி செல்கிறது என்று பாருங்கள். 25 விநாடியாயின் உம் இயந்திரம் மணித்தியாலத்துக்கு 28,800 லீற்றர் இறைக்கிறது. நான்கு பரப்பு வெங்காயத்துக்கு நான்கு நாளுக்கொருமுறை இறைப்பவருக்குப் பயிரின் தேவை ஏறத்தாழ 20,000 லீற்றர். முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வாய்க்காலில் ஊறுவதற்கென இன்னும் அரை மணித்தியாலம் சேர்ப்போம். இரண்டு மணித்தியாலம் ஓட விடுபவர் மிச்சத்தை யாருக்கு இறைக்கிறார்? எரிபொருட் செலவாவது அவரைக் கேட்க வைக்க வேண்டும்.

தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில் இறைப்புத் தொடங்குமுன், கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக் கட்டிலிருந்து நீர் மட்டம் வரை அளந்து, அடியையும் அங்குலத்தையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நீரைச் சுவைத்துப் பார்த்து அதையும் எழுதுங்கள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கட்டில் நின்று, அதே கயிற்றால் மீண்டும் அளவுங்கள். இரண்டு வரிகளையும் அயல் கிணற்றுக்காரரின் இரண்டு வரிகளோடு சேர்த்துக் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.